படி தாண்டியவர்கள் ஏன் வீட்டுக்குத் திரும்பினார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் கொள்ளுப்பாட்டி 1932-இல் அந்நியத் துணிக்கடை மறியலில் கைதாகி வேலூர்ச் சிறையில் ஆறு மாதம் இருந்தவர். விடுதலையாகி வந்த பிறகு கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் தவிர வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். தேசிய இயக்கம் பெண்களுக்கு விடுதலை கொடுத்ததா, அல்லது வேலை முடிந்ததும் கைவிட்டுவிட்டதா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் உங்கள் பாட்டிக்கு நியாயம் செய்ததாக ஆகாது. உங்கள் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. அந்தக் காலத்தில் வயதுக்கு வந்த பெண்ணைத் தெருத்திண்ணையில்கூட உட்காரவிடாத ஒரு குடும்பம், போலீஸ் லாரியில் ஏறிச் சிறைக்குப் போக அவளை எந்த தைரியத்தில் அனுப்பியது? அதற்குப் பதில் கிடைத்தால் அவர் ஏன் திரும்பினார் என்பதும் தெரியவரும்.

நான் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள். என் ஆய்வு சென்னை மாகாணத்தைப் பற்றியது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை வாசித்திருக்கிறேன். 1980-களில் சிறை சென்ற பெண்கள் சிலரை அவர்கள் வீட்டிலேயே சந்தித்துப் பேசியும் இருக்கிறேன். வங்காளத்தையும் மகாராஷ்டிரத்தையும் பற்றி நான் சொல்வது மற்றவர்களின் ஆய்வை வாசித்துத் தெரிந்துகொண்டது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் இங்கே ஆள்வதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த நாட்டில் பெண்கள் படும் பாடு. உடன்கட்டை, பால்ய விவாகம், விதவைக் கோலம் எல்லாவற்றையும் காட்டி, தங்கள் வீட்டுப் பெண்களை இப்படி நடத்துகிறவர்களுக்குச் சுயாட்சி ஒரு கேடா என்று கேட்டார்கள். அவர்கள் காட்டிய கொடுமைகள் பொய்யில்லை. 1890 வாக்கில் கல்கத்தாவில் பூல்மணி என்ற பத்துப் பதினோரு வயதுச் சிறுமி, தன்னைவிடப் பல மடங்கு வயதான கணவனின் வல்லுறவால் இறந்துபோனாள். அதையொட்டி 1891-இல் உறவுக்கான சம்மத வயதை பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திச் சட்டம் வந்தது. பன்னிரண்டுதான். அதையே திலகர் எதிர்த்தார். எங்கள் வீட்டு விவகாரத்தில் அந்நிய அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்பது அவர் தரப்பு. தெருவும் நீதிமன்றமும் கஜானாவும் வெள்ளைக்காரன் கைக்குப் போய்விட்டன, மிச்சமிருக்கும் ஒரே ராஜ்யம் வீடு, அதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்ற மனநிலை அது. அந்த ராஜ்யத்தில் யார் ஆள்கிறார்கள், யார் குடிமக்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எல்லா தேசியவாதிகளும் இப்படி இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் ‘தி இந்து’, ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைகளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889-இல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு நடந்த சமயத்தில், விதவையான தன் சிறுவயது மகளுக்கு அங்கேயே மறுமணம் செய்துவைத்தார். ஊரும் உறவும் அவரை ஒதுக்கிவைத்தன. அவர் பின்வாங்கவில்லை. காங்கிரஸ் கூடும் இடத்திலேயே சமூகச் சீர்திருத்த மாநாட்டையும் நடத்துவது 1887-இல் சென்னையில் தொடங்கிய வழக்கம். 1895-இல் புனேயில் திலகர் தரப்பின் எதிர்ப்பால் அந்த வழக்கம் நின்றது. அரசியலும் வீட்டுச் சீர்திருத்தமும் ஒரே பந்தலில் இருக்கலாமா என்ற சண்டையில் அன்றைக்கு வீட்டுச் சீர்திருத்தம் பந்தலுக்கு வெளியே போனது. பார்த்தா சாட்டர்ஜி என்ற வரலாற்றறிஞர் வங்காளத்தை வைத்து ஒரு வாதத்தை முன்வைத்தார். அகம், புறம் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து, புறத்தில் மேற்கிடமிருந்து கற்றுக்கொள்ளலாம், அகத்தில் நம் மரபைக் காக்க வேண்டும், அகத்தின் காவல் பெண்ணிடம் என்று தேசியவாதிகள் முடிவுக்கு வந்தார்கள் என்பது அவர் சொன்னது. வங்காளத்து நடுத்தர வர்க்கத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சென்னைக்குப் பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஏனென்றால் இங்கே அகமும் புறமும் யாருடையது என்பதிலேயே பிராமணர், பிராமணரல்லாதார் என்ற சண்டை குறுக்கே வந்துவிட்டது.

சரி, பெண்கள் தங்களுக்காகத் தாங்களே பேசத் தொடங்கியது எப்போது? நம் மாகாணத்தில் தெளிவான ஒரு தேதி உண்டு. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோரோடு சென்னைப் பெண்களும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு, இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து, ஆண்களுக்குக் கொடுக்கும் அதே தகுதியில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. லண்டன் அந்த முடிவை மாகாண சபைகளின் தலையில் கட்டியது. 1921-இல் முதலில் முடிவெடுத்தது சென்னைச் சட்டசபை, அதுவும் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தபோது. காங்கிரஸ் அன்றைக்கு ஒத்துழையாமையில் சபையைப் புறக்கணித்திருந்தது. சொத்துள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு என்பதால் அது கிடைத்த பெண்கள் மிகச் சிலர். பெண்களிடம் சொத்து இருந்தால்தானே! இந்தச் சொத்து விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் பாட்டியின் மறியலுக்கு வருவோம். 1930 மார்ச் 12 அன்று காந்தி தண்டிக்குப் புறப்பட்டபோது கூடப் போன 78 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் வருத்தப்பட்டார்கள். கமலாதேவி சட்டோபாத்யாயா நேரில் போய் வாதாடினார். ஏப்ரலில் காந்தி பெண்களுக்கென்று ஒரு வேலையை அறிவித்தார். கள்ளுக்கடை, அந்நியத் துணிக்கடை மறியல். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். 1921-இல் ஆண்கள் செய்த மறியல் சில இடங்களில் வன்முறையில் முடிந்தது. பெண்களுக்கு இயல்பிலேயே பொறுமையும் தியாகமும் உண்டு, குடிகாரனின் மனத்தை அவர்களால்தான் மாற்ற முடியும் என்றார். அதாவது வீட்டில் குடிகாரக் கணவனைச் சகித்துத் திருத்தும் மனைவியின் அதே குணத்தைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

தமிழில் ‘படி தாண்டாப் பத்தினி’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை வைத்து யோசித்தால் நடந்தது விளங்கும். பத்தினி என்றால் படி தாண்டக் கூடாது என்பது பழைய விதி. படி தாண்டியும் பத்தினியாக இருக்கலாம், தாண்டுவது தேசத்துக்காக என்றால், என்று காந்தி அந்த விதியைத் திருத்தினார். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நான் பேசிய பெண்களில் ஒருவர் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னார். பக்கத்துத் தெருவில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு மருமகளை அனுப்ப மறுத்த அதே மாமியார், மறியலுக்குப் போன அன்று நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினாராம். காந்தி கூப்பிடுகிறார் என்றால் சாமி கூப்பிடுகிற மாதிரி. கதர்ப் புடவை ஒரு கவசமாக இருந்தது. கதர் கட்டிய பெண் அந்நிய ஆண்களோடு கூட்டத்தில் நின்றாலும் ஊர் தப்பாகப் பேசாது. உங்கள் பாட்டியை அனுப்பிய நம்பிக்கை இதுதான். அவரை வாசலுக்கு வெளியே அனுப்பிய அதே நிபந்தனைதான் பிறகு திரும்பவும் கூட்டிக்கொண்டது. தேசத்துக்காகத் தாண்டியவள், தேசத்தின் வேலை முடிந்ததும் உள்ளே வர வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது.

இந்தக் கவசம் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிக முக்கியம். 1921-இல் வங்காளத்தின் பாரிசாலில் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் காந்தியைச் சந்தித்தார்கள். காங்கிரஸ் வேலையில் சேர ஆசைப்பட்டார்கள். அவர்கள் முதலில் தொழிலை விட வேண்டும், அதுவரை காங்கிரஸ் பிரதிநிதிகளாக முன்னால் வரக் கூடாது என்பது காந்தியின் நிலை. 1925-இல் இதைப் பற்றி அவர் எழுதியது இன்னும் கடுமை. அவர்களிடம் போகும் ஆண்களுக்குக் காங்கிரஸ் உறுப்பினராக எந்தத் தடையும் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை. அதே 1921-இல் காக்கிநாடாவில் பன்னிரண்டு வயதுச் சிறுமியான துர்காபாய், ஊரில் இருந்த தேவதாசிகளும் (சிறுவயதிலேயே கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட, ஆடவும் பாடவும் தெரிந்த பெண்கள்) பர்தா அணிந்த பெண்களும் காந்தியின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அலைந்து, நிதி திரட்டி, ஒரு கூட்டத்தை நடத்திக் காட்டினார். அந்தப் பெண்கள் நகைகளைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்கள். அவர்களிடம் நிதி வாங்கத் தடையில்லை. பக்கத்தில் நிற்பதுதான் பிரச்சினை. அந்தத் துர்காபாய்தான் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர்.

தமிழ்நாட்டில் இந்தக் கோடு நாடக மேடையில் கொஞ்சம் அழிந்தது. மேடை நடிகைகளுக்கு ஊரில் மரியாதை கிடையாது. ஆனால் அவர்கள் பாடிய தேசியப் பாட்டுகள் இல்லாமல் காங்கிரஸ் கூட்டம் சேராது. கே. பி. சுந்தராம்பாள் காங்கிரஸுக்காகப் பாடிப் பிரசாரம் செய்தார். மதுரை கே. பி. ஜானகியம்மாள் நாடகத்திலிருந்து வந்து சிறைக்குப் போய், பிறகு கம்யூனிஸ்டானார். கடலூர் அஞ்சலையம்மாளை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. நெசவுக் குடும்பத்தவர். 1927-இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாகிரகத்தில் தன் சிறுவயது மகளோடு கலந்துகொண்டு சிறை சென்றார். பின்னால் கர்ப்பமாக இருந்தபோதும் சிறையில் இருந்தார். பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு திரும்பப் போனார். 1937-இல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். சிறைக்குள்ளும் ஏ, பி, சி என்று வகுப்புகள் இருந்தன. படித்த, வசதியான வீட்டுப் பெண்களுக்கு மேல்வகுப்பு, மற்றவர்களுக்கு சி வகுப்பும் கூழும். உங்கள் பாட்டி எந்த வகுப்பில் இருந்தார் என்று விசாரித்துப் பாருங்கள், குடும்பத்தின் நிலைமை பற்றி அது நிறையச் சொல்லும்.

குடும்பப் பெண், மற்றவள் என்ற இந்தப் பிரிவினை முழு உருவத்தில் தெரிவது தேவதாசி ஒழிப்பு விவாதத்தில். முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், தந்தை பிராமணர். புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவில் சேர்ந்து படித்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927 நவம்பரில் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை, அதாவது தாலி கட்டித் தேவதாசியாக்குவதை, தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் அவர் முயற்சியால் வந்த திருத்தம், கோயில் ஊழியத்துக்கென்று தாசிகளுக்கு விடப்பட்ட மானிய நிலங்களை ஊழியம் இல்லாமலே அவர்கள் வைத்துக்கொள்ள வழிசெய்தது. நிலத்துக்காகப் பெண்ணைப் பொட்டுக் கட்டும் கட்டாயத்தை அறுத்த இந்தத் திருத்தத்தைத்தான் அவருடைய மிகக் கூர்மையான வேலையாக நான் கருதுகிறேன். பொட்டுக்கட்டுத் தடை மசோதாவை 1930 தொடக்கத்தில் கொண்டுவந்தார். மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் போயிற்று. சட்டமாக வந்தது 1947-இல். இடையில் 1937 முதல் 1939 வரை காங்கிரஸே இங்கே ஆட்சியில் இருந்தது. தேசத்துக்காக அவர் பதவியைத் துறந்தார். அவருடைய மசோதாவைச் சட்டமாக்கத் தேசம் பதினேழு ஆண்டு எடுத்துக்கொண்டது.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இதை எதிர்த்தார் என்பது உறுதி. கலையும் மரபும் அழிந்துவிடும் என்பது அவர் வாதம். தாசி முறை அவ்வளவு புனிதமானதென்றால் இனி உங்கள் வீட்டுப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுங்கள் என்று அவருக்குச் சுடச்சுடப் பதில் தரப்பட்டதாக ஒரு கதை மேடைகளில் புழங்குகிறது. ஒருவர் சொல்லும்போது பதில் சொன்னவர் முத்துலட்சுமி, இன்னொருவர் சொல்லும்போது, தாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். நான் வாசித்த சபைக் குறிப்புகளில் அந்த உரையாடலைப் பார்த்ததில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரோட்டில் 1921-இல் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் கள்ளுக்கடை மறியல் நடத்தியது உண்மை. மறியலை நிறுத்துவது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக வரும் வாசகத்தையும் இதே எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

இந்த விவாதத்தில் தாசிகளின் குரலை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எங்களை விபசாரிகளோடு சேர்க்காதீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுங்கள், இசையும் சாத்திரமும் கற்பிக்க வழிசெய்யுங்கள் என்று கேட்டார்கள். நாகரத்தினம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. திருவையாற்றில் பாழடைந்து கிடந்த தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் அவர். கட்டிய பிறகும் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றதால், பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1910-இல், பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி எழுதிய ‘ராதிகா சாந்தவனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை முழுமையாகப் பதிப்பித்தார். கந்துகூரி வீரேசலிங்கம் அந்தக் காவியத்தை ஆபாசம் என்று முன்பே கண்டித்திருந்தார். விதவை மறுமணத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடிய மனிதர் அவர். அரசாங்கம் புத்தகத்துக்குத் தடை போட்டது. ஒரு பெண் தன் ஆசையைப் பற்றி எழுதினால் சீர்திருத்தக்காரருக்கும் வெள்ளைக்கார அதிகாரிக்கும் ஒரே மாதிரி முகம் சுளிக்கிறது. 1940-களின் இறுதியில் காங்கிரஸ் தலைவர் டங்குடூரி பிரகாசம் தலையிட்ட பிறகுதான் தடை நீங்கியது.

அப்படியானால் ஒழிப்பு தவறா என்றால், இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். வயதுக்கு வராத குழந்தையின் வாழ்க்கையைக் கோயிலும் மிராசுதாரரும் சேர்ந்து தீர்மானிப்பதை எந்தக் கலையின் பேராலும் நியாயப்படுத்த முடியாது. இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து பார்த்தவர். அதை ஒழிக்க ஊர் ஊராகப் போய்த் திட்டும் கல்லடியும் வாங்கியவர். அவர் கண்ட கொடுமைக்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் ஒழிப்பால் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். தாசி வீடுகளில் சொத்து பெண்வழியில் போனது, குடும்பத் தலைமையும் மூத்த பெண்ணிடம் இருந்தது. ஒழிப்புக்குப் பின் அந்தச் சமூகத்தின் ஆண்கள் கௌரவமான குடும்பத் தலைவர்கள் ஆனார்கள். ஒழிப்பை அந்த ஆண்கள் ஆதரித்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன், ஒரே காரணம் என்பதை ஏற்க மாட்டேன். தங்கள் தாயையும் அக்காளையும் பார்த்து வெட்கத்தோடும் கோபத்தோடும் வளர்ந்த பிள்ளைகளின் வலியை நிலப் பத்திரத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. அப்புறம், அந்தப் பெண்களின் நடனமான சதிர் என்ன ஆனது என்பதும் தெரிந்ததுதான். காங்கிரஸ்காரரும் வக்கீலுமான ஈ. கிருஷ்ண ஐயர் அதற்காக வாதாடினார், சென்னை மியூசிக் அகாடமி மேடை கொடுத்தது, அது பரதநாட்டியம் என்ற பெயரைப் பெற்றது. 1935-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். ஆடிய பெண்கள் ஒதுங்க, ஆட்டம் தேசியக் கலை ஆனது. பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர்தான் தங்கள் கலையைத் தங்கள் பெயரிலேயே காப்பாற்றிக்கொண்டார்கள்.

காங்கிரஸுக்கு வெளியே இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, விதவை மறுமணம் ஆகியவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. கருத்தடையில் இருந்த வேறுபாட்டைப் பாருங்கள். 1935-இல் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கர் காந்தியைச் சந்தித்தபோது, காந்தி செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை, பிரம்மசரியம்தான் வழி என்றார். மருத்துவர்கள் தாயின் உடல்நலத்துக்காகக் கருத்தடை வேண்டும் என்றார்கள். பெண்ணின் சுதந்திரத்துக்காக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் பெரியார். பெண்ணைத் தாய் என்று கும்பிடாமல் தனி மனுஷியாகப் பார்த்த பேச்சு அது.

ஆனால் தாய் என்ற உருவத்தை அந்தப் பக்கமும் முழுக்கக் கைவிடவில்லை. 1938-இல் ராஜாஜி அரசு இந்தியைக் கட்டாயமாக்கியபோது தமிழ்த்தாயைக் காக்க வாருங்கள் என்று பெண்களுக்கு அழைப்பு போனது. இராமாமிர்தம் அம்மையார் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் வந்தார். நவம்பரில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் நடந்த பெண்கள் மாநாடுதான் ஈ. வெ. ரா.வுக்குப் பெரியார் என்ற பெயரைச் சூட்டியது. மறுநாள் மறியல் செய்த பெண்கள் கைதானார்கள், சிலர் கையில் குழந்தைகளோடு. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கள்ளுக்கடை வாசலில் பெண்களை நிறுத்திய கட்சியின் அரசாங்கம், பள்ளிக்கூட வாசலில் நின்ற பெண்களைச் சிறைக்கு அனுப்பியது. பாரதத்தாய் ஆனாலும் தமிழ்த்தாய் ஆனாலும் காக்கப் போகும் பெண் ஒரு தாயாகவோ மகளாகவோதான் போக வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை நான் மறைக்கக் கூடாது. என் ஆவணங்கள் படித்த பெண்கள், மனுக் கொடுக்கத் தெரிந்த பெண்கள், பத்திரிகையில் பெயர் வந்த பெண்கள் விட்டுச்சென்றவை. நாற்று நட்ட பெண்ணுக்குப் படி தாண்டுவது ஒரு பிரச்சினையே இல்லை, அவள் தினமும் தாண்டித்தான் கூலிக்குப் போனாள். அகம், புறம் என்ற பேச்சு அவளைத் தொடவே இல்லை. தலித் தலைவரான மீனாம்பாள் சிவராஜ் 1928-இல் பொது மேடையில் பேச வந்தபோது, அரசியல் சீர்திருத்தத்தை ஆராயப் பிரிட்டன் அனுப்பிய, காங்கிரஸ் புறக்கணித்த சைமன் குழுவை ஆதரித்துப் பேசினார். ஒடுக்கப்பட்ட மக்களின் குறையைக் கேட்க யார் வந்தாலும் சொல்ல வேண்டும் என்ற இடத்திலிருந்து வந்த நிலைப்பாடு அது. தேசிய இயக்கத்தை மட்டுமே அளவுகோலாக வைத்தால் இவரைப் போன்றவர்களைத் துரோகி என்று தள்ளிவிட வேண்டியிருக்கும். அந்த அளவுகோலையே நாம் மாற்ற வேண்டும்.

சொத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா. உங்கள் பாட்டி சிறையிலிருந்து வந்தபோது அவர் பேரில் என்ன இருந்திருக்கும்? பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை. கணவனை விட்டு விலகச் சட்டம் இடம் தரவில்லை. 1937-இல் விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுட்காலம் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும் வந்தது. 1931 கராச்சி மாநாட்டில் ஆண் பெண் பேதமில்லாத சம உரிமையைக் காங்கிரஸ் ஏற்றது உண்மை. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்ற உறுதி அங்கிருந்து அரசியல் சட்டம் வரை வந்து நின்றதும் உண்மை, அது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் வீட்டுக்குள் சமத்துவம் என்று வந்ததும் கை நடுங்கியது. இந்துக்களின் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றைச் சீர்திருத்த வந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் காங்கிரஸ் தலைவர்கள் பலரே எதிர்த்தார்கள், ராஜேந்திர பிரசாத் உட்பட. அது நிறைவேறாத வேதனையும் சேர்ந்துதான் 1951-இல் அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டார். வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. உங்கள் பாட்டிக்கு அன்று கையில் வருமானம் இல்லை, பேரில் நிலம் இல்லை, தனியாகக் குடியிருக்க இடம் இல்லை. தைரியம் குறைந்து அவர் உள்ளே போனார் என்று நான் நினைக்கவில்லை. வெளியே நிற்க ஒரு அடி மண் இல்லை. ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யத்தில் சிறைசென்று 1946-இல் மந்திரியாகவும் ஆனார். அம்புஜம்மாள் வாழ்நாள் முழுதும் பொதுவேலையில் இருந்தார். அவர்களுக்குப் பின்னால் படிப்பும் வசதியும் பெயருள்ள குடும்பமும் இருந்தன. அந்தத் துணையோடு நின்ற சிலரை வைத்து மற்றவர்களை மதிப்பிடுவது நியாயமாகாது.

பாட்டி உண்மையிலேயே வீட்டுக்குள் அடங்கிவிட்டாரா என்பதையும் ஒருமுறை விசாரியுங்கள். நான் சந்தித்தவர்களில் ஒருவர் வெளியே போகவில்லை, ஆனால் மூன்று மகள்களையும் கல்லூரிக்கு அனுப்பாமல் விடவில்லை. இன்னொருவர் கடைசிவரை ராட்டையைப் பரணில் ஏற்ற மறுத்தார். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் அவர்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், ஆண்கள் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கதைகள் வராது. ஆவணம் தேட வேண்டுமானால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சட்டமறுப்பு இயக்கக் கோப்புகளையும், தியாகி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பையும் கேட்டுப் பாருங்கள். தேடும்போது பாட்டியின் பெயரை மட்டும் கொண்டுபோகாதீர்கள். தாத்தாவின் பெயர், ஊர், தாலுகா மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் காலத்துப் பதிவேடுகளில் பெண்கள் பலர் இன்னாருடைய மனைவி என்றுதான் இருக்கிறார்கள். சில இடங்களில் அவர்களுடைய சொந்தப் பெயரை எழுதாமலே விட்டிருக்கிறார்கள்.